ஆறு அரைக்கும் மாவு

2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் கடைகளில் மாவுப் பைகள் இருக்க வேண்டிய அடுக்குகள் காலியாகக் கிடந்தன. கொரோனா ஊரடங்கில் வீட்டோடு இருந்த மக்கள் ரொட்டி சுடத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கேட்ட வேகத்துக்குச் சிறு பைகளில் மாவு வந்து சேரவில்லை. அந்த நேரத்தில் டோர்செட் மாவட்டத்தின் ஸ்டர்மின்ஸ்டர் நியூட்டன் ஊரில், ஸ்டோர் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு பழைய ஆலை உதவிக்கு வந்தது. ஆயிரம் ஆண்டு வரலாறு கொண்ட அந்த இடம் அப்போது ஓர் அருங்காட்சியகம். பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காக எப்போதாவது மாவு அரைத்துக்கொண்டிருந்தது. ஊரடங்கில் பார்வையாளர்கள் வரவில்லை, கோதுமை மட்டும் வந்தது. வழக்கமாக ஒரு பருவம் முழுக்க அரைக்கும் ஒரு டன் கோதுமையைச் சில வாரங்களிலேயே அரைத்து முடித்து, சுற்றுவட்டாரக் கடைகளுக்கு மாவு கொடுத்தார்கள்.

இது எப்படிச் சாத்தியமானது? கட்டடம் பத்திரமாக இருந்தது மட்டும் காரணமில்லை. அரைக்கும் கற்கள் கொத்தப்பட்டிருந்தன, பல்சக்கரங்களின் பற்கள் பொருந்தியிருந்தன, மதகைத் திறக்கத் தெரிந்த ஆள் இருந்தார். சீரமைக்கப்பட்ட ஒரு நீராலையைக் குடும்பத்தோடு பார்க்கப் போகும்போது கவனிக்க வேண்டியது இந்த மூன்றையும்தான். ஓடும் நிலையில் உள்ள ஆலை, ஆற்றிலிருந்து மாவுவரை ஆற்றல் கைமாறும் பாதை முழுவதையும் கண்ணுக்கு எதிரே காட்டுகிறது. சுவரில் ஒரு சுவிட்சைத் தட்டும் குழந்தைக்கு மின்சாரம் எங்கே பிறந்து எப்படி வந்தது என்று தெரிய வழியே இல்லை. நீராலையில் அந்தப் பாதையை விரலால் தொட்டுக் காட்டலாம்.

அப்படிக் காட்டுவதற்கு நல்ல இடம், தென் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகர ஆலை.

வற்றாத ஆறு

வின்செஸ்டர் கடைவீதியின் கிழக்குக் கோடியில் ஆல்ஃபிரட் மன்னரின் வெண்கலச் சிலை நிற்கிறது. அதைத் தாண்டினால் பாலம். பாலத்தை ஒட்டி, இட்சென் ஆற்றின் மேலேயே கால் வைத்து நிற்கிறது ஆலை. நார்மன் படையெடுப்புக்கு முன்பிருந்தே அந்த இடத்தில் ஆலை உண்டு. 1554-ல் மேரி அரசி, ஸ்பெயினின் பிலிப்பை வின்செஸ்டர் தேவாலயத்தில் மணந்தார். அந்தக் கல்யாணச் செலவில் நகரம் சுமந்த பங்குக்கு ஈடாக ஆலையை நகரத்துக்கே கொடுத்தார். இப்போது நிற்கும் கட்டடம் 1740-களில் எழுப்பப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரவை நின்றது. துணி வெளுக்கும் இடமாகச் சில காலம் இருந்தது. 1928-ல் இடிபடும் நிலைக்கு வந்தபோது நல்ல உள்ளம் படைத்த சிலர் பணம் திரட்டி மீட்டு, நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். 1931 முதல் பல பத்தாண்டுகள் இளைஞர் விடுதியாக இருந்தது. நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2004-ல் ஆற்று நீரின் பலத்தில் மீண்டும் மாவு அரைத்தது.

ஓர் ஆலை ஒரே இடத்தில் ஆயிரம் ஆண்டு நிலைக்க வேண்டுமானால் ஆறு ஒத்துழைக்க வேண்டும். இட்சென் ஒரு சுண்ணப்பாறை ஆறு. மழை நீர் நேராக ஆற்றில் பாயாமல், நிலத்தடியில் உள்ள மிருதுவான சுண்ணப்பாறைக்குள் இறங்கித் தேங்கி, ஊற்றுகளாக மெல்ல வெளிவருகிறது. அதனால் ஆற்றின் அளவு திடீரென்று பொங்குவதும் இல்லை, சட்டென்று வற்றுவதும் இல்லை. ஊற்றுநீர் ஆண்டு முழுக்கச் சுமார் 10, 11 டிகிரி செல்சியஸில் வருவதால் கடுங்குளிரிலும் எளிதில் உறைவதில்லை. உலகில் இத்தகைய ஆறுகள் இருநூற்றுச் சொச்சம்தான். அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் உள்ளன. ஆற்று நீரை நம்பிய ஆலைகள் அன்று ஏராளம். இங்கிலாந்தை வென்ற நார்மன் மன்னர் வில்லியத்தின் ஆணைப்படி 1086-ல் தொகுத்த டூம்ஸ்டே பதிவேட்டில் இங்கிலாந்து முழுக்கச் சுமார் ஆறாயிரம் ஆலைகள் கணக்கில் வருகின்றன. காற்றாலை அந்த நாட்டுக்கு வருவதற்கு முந்தைய காலம் அது.

நீரின் எடை, நீரின் வேகம்

ஆலைக்குள் நுழைந்ததும் முதலில் காதுக்கு எட்டுவது நீரின் இரைச்சல். அந்த இரைச்சலில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பள்ளிக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஆயிரம் கிலோ. ஒவ்வொரு விநாடியும் அத்தனை நீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், கிடைக்கும் திறன் 9.8 கிலோவாட். ஏறக்குறைய 13 குதிரைத்திறன். அதில் பாதியைச் சக்கரம் பிடித்துக்கொண்டாலும் ஐந்து கிலோவாட் மிஞ்சும். நாள் முழுக்க ஓயாமல் உழைக்கும் ஓர் ஆளால் தர முடிந்த திறன் சுமார் 75 வாட்தான். ஆக, இடுப்பளவு உயரம் மட்டுமே இறங்கும் நீர், அறுபது பேருக்கு மேற்பட்டவர்களின் உழைப்பைத் தருகிறது. திருகையில் மாவு அரைத்துக் கை வலித்தவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருள் உடனே புரியும்.

சக்கரம் அந்தத் திறனில் எவ்வளவைப் பிடிக்கும் என்பது நீர் எங்கே வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. சக்கரத்தின் அடியில் பாயும் நீர், தன் வேகத்தால் துடுப்புகளைத் தள்ளுகிறது. உச்சியில் விழும் நீர், சக்கரத்தைச் சுற்றியுள்ள தொட்டிகளில் நிறைந்து தன் எடையால் கீழே இழுக்கிறது. இரண்டில் எது மேல்? பல காலம் பொறியாளர்கள் ஊகத்தில்தான் பேசினார்கள். ஜான் ஸ்மீட்டன் என்ற யார்க்‌ஷயர்க்காரர் 1750-களில் சுமார் இரண்டடி விட்டமுள்ள மாதிரிச் சக்கரம் ஒன்றைச் செய்து, நீரை அளந்து விட்டு, அது தூக்கும் எடையை அளந்தார். அடியில் நீர் பாயும் சக்கரம் அதன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படுத்தவில்லை. உச்சியில் நீர் விழும் சக்கரம் மூன்றில் இரண்டு பங்கைப் பயன்படுத்தியது. அதே அளவு நீரில் இரட்டிப்பு வேலை! 1759-ல் ராயல் சொசைட்டி இந்த ஆய்வுக்காக அவருக்குக் கோப்லி பதக்கம் வழங்கியது. எடிஸ்டோன் பாறையின் மேல் புகழ்பெற்ற கலங்கரை விளக்கத்தைக் கட்டி முடித்த ஆண்டும் அதுதான்.

வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. துடுப்பில் மோதும் நீர் சிதறுகிறது, சுழிக்கிறது, நுரைக்கிறது. அந்தச் சுழிப்பிலும் நுரையிலும் போகும் ஆற்றல் திரும்பக் கிடைக்காது. தொட்டியில் அமைதியாக அமர்ந்து இறங்கும் நீருக்கு அந்த இழப்பு குறைவு. சக்கரத்தை உற்றுப் பார்க்கும் குழந்தைகள் இன்னொன்றையும் கண்டுபிடிப்பார்கள்: அடியில் பாயும் நீரைவிடத் துடுப்பு மெதுவாகவே நகரும். துடுப்பும் நீரின் வேகத்திலேயே ஓடினால் நீரால் அதைத் தள்ள முடியாது. துடுப்பு நின்றுவிட்டாலோ வேலையே நடக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தில்தான் ஆலை அதிக மாவு தரும். மதகை ஏற்றி இறக்கி அந்த வேகத்தைப் பிடிப்பது ஆலைக்காரரின் முதல் திறமை.

பற்கள் சொல்லும் கணக்கு

சக்கரம் நிமிடத்துக்கு எட்டு அல்லது பத்துச் சுற்று சுற்றும். அரைக்கும் கல்லோ நிமிடத்துக்கு நூறு, நூற்றிருபது சுற்று சுற்ற வேண்டும். சக்கரத்தின் அச்சு படுத்திருக்கிறது, கல்லின் அச்சு நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு சிக்கலையும் பல்சக்கரங்கள் தீர்க்கின்றன. நீர்ச்சக்கரத்தின் அச்சில் உள்ள பெரிய பல்சக்கரம், நிமிர்ந்த தண்டில் உள்ள சிறிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டில் உள்ள இன்னொரு பெரிய சக்கரம் கல்லின் அடியிலுள்ள இன்னொரு சிறிய சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு படியிலும் வேகம் மூன்று நான்கு மடங்கு கூடுகிறது. கிடையாகச் சுழல்வதை நிமிர்த்திக் கல்லுக்குக் கொடுக்கும் இந்த உத்தியை, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

பற்களை எண்ணிப் பார்ப்பது நல்ல விளையாட்டு. பெரிய சக்கரத்தில் 60 பல், சிறியதில் 20 பல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் அதே பல் அதே பல்லோடுதான் சேரும். சிறியதன் ஒரு பல்லில் சிறு பிசிறு இருந்தால் எதிரே உள்ள மூன்று பற்களை மட்டும் ஓயாமல் தேய்த்துக் கெடுக்கும். பெரியதில் 61 பல் வைத்துவிட்டால் 61-க்கும் 20-க்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுஎண் இல்லை. ஒவ்வொரு பல்லும் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் சந்தித்த பிறகுதான் பழைய ஜோடிக்குத் திரும்பும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பிரிந்துவிடுகிறது. ஆலைத் தச்சர்கள் வேண்டுமென்றே சேர்க்கும் அந்த ஒற்றைப் பல்லில் பள்ளி எண்கணிதம் அடங்கியிருக்கிறது.

இரும்புச் சக்கரத்தோடு சேரும் இடத்தில் மரப்பல் வைப்பதும் யோசித்துச் செய்த ஏற்பாடுதான். ஆப்பிள் மரம், ஹார்ன்பீம் மரம் போன்ற இறுக்கமான மரங்களைச் செதுக்கிப் பொருத்துவார்கள். இரும்போடு இரும்பு உரசினால் எழும் பேரிரைச்சல் இதில் இல்லை, தீப்பொறி இல்லை. ஏதேனும் சிக்கிக்கொண்டால் உடைவது ஒரு மரப்பல்தான். விலை உயர்ந்த இரும்புச் சக்கரம் தப்பிக்கும்.

கல் கொத்துதல்

அரவை நடப்பது இரண்டு வட்டக் கற்களுக்கு நடுவே. கீழ்க்கல் அசையாது. மேல்கல் சுழலும், அதன் எடை ஒரு டன் வரை இருக்கும். மேலே தொங்கும் தொட்டியிலிருந்து கோதுமை சிறிது சிறிதாகச் சிந்தி, மேல்கல்லின் நடுவேயுள்ள துளை வழியாக இறங்குகிறது. நடுவில் மணி நுழையும் அளவு இடைவெளி இருக்கும். விளிம்பை நெருங்க நெருங்க அது குறைந்து, கடைசியில் ஒரு காகிதத்தின் தடிமனுக்கு வந்துவிடும். நான்கடி விட்டமுள்ள கல் நிமிடத்துக்கு 120 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. இத்தனை எடை, இத்தனை வேகம், நடுவே காகித இடைவெளி. கற்கள் ஒன்றையொன்று தொடவே கூடாது.

கல்லின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை சாய்வான வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். இரண்டு கற்களின் வரிகளும் கத்தரிக்கோலின் இரு அலகுகளாக ஒன்றையொன்று கடந்து, மணியை முதலில் வெட்டித் திறந்து, பிறகு தேய்த்து, மாவை விளிம்புக்குத் தள்ளுகின்றன. அதே பள்ளங்கள் வழியே காற்றும் புகுந்து மாவின் சூட்டைத் தணிக்கிறது. வரிகள் மழுங்கினால் கல் மணியை வெட்டாது, நசுக்கும். மாவு சூடேறிப் பிசுபிசுக்கும். அப்போது மேல்கல்லைத் தூக்கிப் புரட்டிப் போட்டு, உளி முனையால் ஒவ்வொரு வரியாகக் கொத்த வேண்டும். நாள்கணக்கில் பிடிக்கும் வேலை. இங்கிலாந்தின் பல ஆலைகள் விரும்பி வாங்கிய கல், பாரிசுக்குக் கிழக்கே மார்ன் பள்ளத்தாக்கில் வெட்டிய நுண்துளைகள் நிறைந்த குவார்ட்ஸ் பாறை. மிகக் கடினமானது. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, இரும்புப் பட்டையைச் சூடாக்கி மாட்டி, குளிரும்போது அது இறுகுவதால் ஒரே கல்லாக்கினார்கள்.

மாவு விழும் இடத்தில் ஆலைக்காரர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். சூடு ஏறியிருக்கிறதா, நறநறப்பு எவ்வளவு என்று விரல் சொல்லும். அதற்கேற்ப ஒரு திருகைத் திருப்பி மேல்கல்லை மயிரிழை அளவு ஏற்றுவார் அல்லது இறக்குவார்.

மாவு வெடிக்கும்

பல ஆலைகளில் தானியத் தொட்டியோடு ஒரு மணி கட்டியிருக்கும். தானியம் தீரப்போகிறது என்றால் மணி அடிக்கும். தானியம் இல்லாமல் கல் வெறுமனே சுற்றினால் கல்லும் கல்லும் உரசித் தீப்பொறி பறக்கும். மர ஆலைக்குள், மாவுத் தூசிக்கு நடுவே, அது பேராபத்து.

மாவு ஒரு குவியலாகக் கிடந்தால் எளிதில் பற்றாது. காற்றில் தூசியாகப் பரவியிருக்கும்போது ஒவ்வொரு துகளையும் சுற்றி ஆக்சிஜன் இருப்பதால், ஒரு பொறி விழுந்தாலும் அத்தனை துகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எரிந்து வெடிக்கின்றன. 1878 மே 2 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் வாஷ்பர்ன் ‘ஏ’ ஆலை இப்படித்தான் வெடித்தது. 18 பேர் இறந்தார்கள். அதுவும் நீர்பலத்தில் ஓடிய ஆலைதான். அதற்குப் பிறகுதான் ஆலைகளில் தூசியை உறிஞ்சி அகற்றும் ஏற்பாடுகள் வேகமாகப் பரவின. மறுபடி கட்டப்பட்ட அந்த ஆலையின் எஞ்சிய சுவர்களுக்குள் இன்று மில் சிட்டி அருங்காட்சியகம் இயங்குகிறது.

ஆலையில் ஆள் வேலையைக் குறைத்த பெருமையும் அமெரிக்காவுக்கு உண்டு. டெலவேரைச் சேர்ந்த ஆலிவர் எவான்ஸ், வாளிகள் கோத்த பட்டையால் தானியத்தை மேல்மாடிக்கு ஏற்றி, திருகுத் தண்டால் பக்கவாட்டில் நகர்த்தி, மாவைத் தானே கிளறி ஆற வைக்கும் ஆலையை வடிவமைத்தார். எல்லாமே நீர்ச்சக்கரத்தின் பலத்தில் நடந்தன. 1790-ல் அவர் பெற்ற உரிமம், அமெரிக்க அரசு வழங்கிய மூன்றாவது காப்புரிமை. ஜார்ஜ் வாஷிங்டன் 1791-ல் தன் மவுண்ட் வெர்னன் தோட்டத்து ஆலையில் இந்த அமைப்பை நிறுவினார். அந்தத் தோட்டத்தின் செல்வம் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பில் விளைந்தது. வர்ஜீனியாவில் மீட்டுக் கட்டப்பட்ட அந்த ஆலைக்குப் போகும் குடும்பங்கள் இயந்திரத்தோடு அந்த வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஆலை இருக்கும் அதே ஃபேர்ஃபாக்ஸ் வட்டாரத்தில், 1811 வாக்கில் எழுந்த கால்வின் ரன் ஆலையிலும் எவான்ஸின் முறை சீரமைக்கப்பட்டு ஓடுகிறது.

சக்கரம் நின்ற காலம்

கல்லாலைகளை ஓரங்கட்டியது நீராவி இயந்திரம் மட்டுமில்லை. 1870-களில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆலைகள் உருளைகளுக்கு நடுவே கோதுமையை நசுக்கும் முறையில் வெற்றி கண்டன. உருளைகள் தவிட்டையும் முளையையும் சுத்தமாகப் பிரித்துவிடும். முளையில்தான் எண்ணெய் இருக்கிறது. அது கெட்டு மாவில் சிக்கு வாடை வரும். முளை நீங்கிய வெள்ளை மாவு மாதக்கணக்கில் கெடாது, கப்பலில் போகும், கடையில் நிற்கும். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கோதுமை வந்து இறங்கிய துறைமுகங்களில் பெரிய உருளை ஆலைகள் எழுந்தன. ஊர்ப்புற ஆலைகள் மாட்டுத் தீவனம் அரைத்துச் சிலகாலம் பிழைத்து, ஒவ்வொன்றாக நின்றன.

நின்றுபோன சக்கரம் சீக்கிரம் கெடும். ஒரே நிலையில் நிற்கும் மரச்சக்கரத்தில் கீழ்ப்பாதி நீரில் ஊறிக் கனக்கும், மேல்பாதி வெயிலில் காய்ந்து வெடிக்கும். மறுபடி ஓடவிட்டால் தடுமாறும். எல்ம் மரம் எப்போதும் நீருக்குள் இருந்தால் நூற்றாண்டுகள் தாங்கும், நனைந்து காய்ந்தால் உளுத்துவிடும். ஓடிக்கொண்டிருப்பதே நீராலைக்கு நல்ல பராமரிப்பு.

ஓட்டத் தெரிந்தவர்களைக் காப்பாற்றுவது இன்னும் கடினம். நெதர்லாந்து இதில் முன்மாதிரி. அங்கே 1972-ல் தன்னார்வ ஆலைக்காரர்களின் சங்கம் ஒன்று தொடங்கியது. ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும் ஓய்வு நாள்களில் பயின்று, தேர்வு எழுதி, ஆலைகளை ஓட்டுகிறார்கள். காற்றாலை, நீராலை இரண்டையும் இயக்கும் அந்தக் கைத்தொழிலை 2017-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பதிவு செய்தது. பதிவானது கட்டடம் இல்லை, தொழிலறிவு.

ஆற்றுக்கும் பங்கு உண்டு

நீராலையின் புகழை மட்டும் பேசுவது முறையாகாது. ஆலைக்கு நீர் தேங்க வேண்டும், அதற்கு ஆற்றின் குறுக்கே தடுப்பு வேண்டும். அந்தத் தடுப்பு, முட்டையிட மேலேறும் சால்மன் மீனுக்கும் கடலிலிருந்து வரும் விலாங்குக் குஞ்சுக்கும் வழியடைப்பு. 1980-களிலிருந்து ஐரோப்பியக் கரைக்கு வந்து சேரும் விலாங்குக் குஞ்சுகள் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டன. அணைத்தடுப்புகள் அதற்குக் காரணங்களில் ஒன்று. அதனால் இன்று ஓர் ஆலையைச் சீரமைப்பவர்கள் மீன் ஏறும் படிகளையும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

வின்செஸ்டரில் ஆலைக்கு அடியில் நீர்நாய்கள் வந்து போகின்றன. இரவுக் கேமராக்களில் பதிவாகும் அவற்றின் நடமாட்டத்தைப் பார்வையாளர்கள் பகலில் பார்க்கலாம். டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் ஆறுகளில் கலந்ததால் 1970-களுக்குள் இங்கிலாந்தின் பெரும்பகுதியிலிருந்து மறைந்துபோன விலங்கு அது. நஞ்சுகள் தடை செய்யப்பட்டு, ஆறுகள் தூய்மையான பிறகு மெல்லத் திரும்பியது. 2011-ல் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களிலும் நீர்நாய் இருப்பதாகச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது. சக்கரத்தைப் பார்க்க வந்த பிள்ளைகள் நீர்நாய்த் திரையை விட்டு நகர மறுத்தால் பெற்றோர் அவசரப்படுத்த வேண்டாம். ஆறு நன்றாக இருப்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

குடும்பத்தோடு போகும்போது

அரவை நடக்கும் நாள் எது என்று முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது முக்கியம். சக்கரம் நிற்கும் நாளில் போனால் மேலே சொன்னதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டனில் மே மாத இரண்டாம் வார இறுதியில் தேசிய ஆலைகள் விழா நடக்கிறது. வழக்கமாக மூடியிருக்கும் ஆலைகள்கூட அப்போது திறந்திருக்கும். நெதர்லாந்தின் ஆலை நாளும் அதே சமயத்தில் வரும்.

உள்ளே போனதும் மாவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி நடந்து பாருங்கள்: மாவு, கல், சிறிய பல்சக்கரம், நிமிர்ந்த தண்டு, பெரிய பல்சக்கரம், அச்சு, சக்கரம், நீர். ஒவ்வொரு இடத்திலும் “இதைச் சுழற்றுவது எது?” என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தடுப்புக் கம்பிகளுக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொல்லுங்கள்; பழைய இயந்திரங்களுக்கு அவசர நிறுத்தப் பொத்தான் கிடையாது. பெரியவர்கள் ஆலைக்காரரிடம் கல்லைக் கடைசியாக எப்போது கொத்தினார்கள், பற்களை எந்த மரத்தில் செய்தார்கள் என்று கேட்கலாம். அவர்கள் சொல்லக் காத்திருக்கும் கதைகள் அவைதான்.

திரும்பும்போது ஒரு பை மாவு வாங்குங்கள். முளையோடு அரைத்த முழு மாவு என்பதால் குளிர்ந்த இடத்தில் வைத்துச் சீக்கிரம் பயன்படுத்துங்கள். பல ஆலைகளில் அடுத்த முறை கல் கொத்துவதற்கும் தேய்ந்த பல்லை மாற்றுவதற்கும் ஆகும் செலவில் ஒரு பங்கு அந்த மாவு விற்ற காசிலிருந்துதான் வருகிறது.